லியோ நம்பர் வாங்கிய கதை

சிண்டல்ஃபிங்கனிலிருந்து வைல் டெர் ஷ்டாட்டுக்கு வீடு மாறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். விற்றவர் தன் பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் கொடுத்தார், அதனால் வண்டி நம்பர் இல்லாமல் வீட்டு முன்னால் மொட்டையாக நின்றது. புது நம்பருக்கு எங்கே போக வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "பி.பி. வாங்கிடாதீங்க. லியோ கேளுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெர்மனியில் நம்பர் பிளேட்டின் முதல் எழுத்துகள் மாவட்டத்தைக் குறிக்கும் என்பது தெரியும். எங்கள் மாவட்டம் போப்லிங்கன், அதற்கு பி.பி. அப்படியானால் லியோ எங்கிருந்து வந்தது?

அதைப் பிறகு பார்க்கலாம் என்று நேராக ஊர் நகராட்சி அலுவலகமான ராட்ஹவுஸுக்குப் போனேன். சந்தைத் திடலில் கெப்ளர் சிலை இருக்கிறதே, அங்கேதான். கோள்களின் பாதையைக் கணித்த அந்த ஜோஹான்னஸ் கெப்ளர் 1571-ல் பிறந்தது இந்த ஊரில். வீடு மாறியதும் முகவரியைப் பதிந்தது இங்கேதான், காரையும் இங்கேயே முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கவுன்டரில் இருந்த அம்மா சிரித்தார். "கார் எல்லாம் மாவட்ட அலுவலகம். போப்லிங்கன் போகணும். உங்க விசா அட்டையும் இனிமே அங்கேதான்."

விசா அட்டை ஏன் என்று கேட்டேன். சிண்டல்ஃபிங்கனில் இருந்தவரை அதை நகராட்சியே பார்த்துக்கொண்டது. அவர் விளக்கியபோதுதான் தெரிந்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 20,000 பேருக்கு மேல் உள்ள ஊர் விண்ணப்பித்து 'பெரிய மாவட்ட நகரம்' என்ற தகுதி பெறலாம். அப்படிப் பெற்ற ஊர், மாவட்டத்தின் வேலைகளில் சிலவற்றைத் தானே செய்யும். இந்த மாவட்டத்தின் 26 ஊராட்சி, நகராட்சிகளில் அப்படி நான்கு: போப்லிங்கன், சிண்டல்ஃபிங்கன், லியோன்பெர்க், ஹெரன்பெர்க். வைல் டெர் ஷ்டாட்டில் சுமார் 19,000 பேர். கொஞ்சம் பேர் குறைந்ததில் என் விசா அட்டை மேசை மாறிவிட்டது! கார் பதிவு மட்டும் எல்லா ஊருக்கும் மாவட்டத்திடம்தான்.

மாவட்ட அலுவலகத்தை இங்கே லாண்ட்ராட்ஸாம்ட் என்பார்கள். அதன் தலைவர் லாண்ட்ராட். கலெக்டர் மாதிரி மேலிருந்து அனுப்பப்படுபவர் என்று நினைத்திருந்தேன். இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட மன்றம் அவரை 8 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. குப்பை, தொழிற்பள்ளி போன்றவை மாவட்டத்தின் சொந்த வேலை. கார் பதிவு போன்றவற்றை அரசின் சார்பில் செய்கிறார்கள். கட்டடம் ஒன்று, வேடம் இரண்டு.

சரி, போனேன். எஸ்6 ரயிலில் ரெனிங்கன், அங்கிருந்து எஸ்60-ல் மாக்ஷ்டாட், சிண்டல்ஃபிங்கன் வழியாக போப்லிங்கன். வண்டியின் இரண்டு ஆவணங்கள், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஏழு எழுத்து-எண் கோடு, தகுதிச் சோதனைச் சான்று, வரியை வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதக் கடிதம் எல்லாம் கோப்பில் இருந்தன. (கார் வரியைச் சுங்கத் துறை வசூலிக்கிறது, அது மத்திய அரசு.) பாஸ்போர்ட்டும் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் முகவரி கிடையாது. ஜெர்மானியரின் அடையாள அட்டையில் உண்டு. நமக்கு முகவரிப் பதிவுத் தாள் தனியாக வேண்டும். அது வீட்டு மேசை மேல் பத்திரமாக இருந்தது. வாசலில் ஒட்டியிருந்த பட்டியலிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. திரும்ப ரயில்.

அன்று மாலை பெரியவர் லியோ கதையைச் சொன்னார். வைல் டெர் ஷ்டாட் 1803 வரை புனித ரோமப் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட சுதந்திர நகரம். பிறகு அப்போது தனி அரசாக இருந்த வூர்ட்டம்பெர்க்கிடம் போய், லியோன்பெர்க் மாவட்டத்தில் சேர்ந்தது. 1973-ல் மாநிலம் தன் 63 மாவட்டங்களை 35 ஆகக் குறைத்தபோது லியோன்பெர்க் மாவட்டத்தையே கலைத்துப் பக்கத்து மாவட்டங்களுக்குப் பங்கு போட்டார்கள். இவர்கள் பக்கம் போப்லிங்கனுக்கு வந்தது. லியோன்பெர்க்கின் எழுத்துகளான லியோ (LEO) பிளேட் கொடுப்பதும் நின்றது. 40 ஆண்டுக்குப் பின், 2013-ல், பழைய எழுத்துகளை மீண்டும் வாங்கலாம் என்றானது. "நான் முதல் வாரமே மாத்திட்டேன்" என்றார்.

அடுத்த முறை தாளுடன் போனேன். லியோ கேட்டேன், பிடித்த எண்ணுக்கு 10.20 யூரோ கூடுதல். எண் எழுதிய சீட்டுடன் வெளியே பிளேட் அடிக்கும் கடைகளுக்கு அனுப்பினார்கள். முதல் கடையில் கேட்ட விலைக்குப் பயந்து இரண்டு கடை தள்ளிப் போனேன், குறைவுதான். வெள்ளை அலுமினியத் தகட்டில் எழுத்தைப் புடைக்க அழுத்தி, சூடான உருளைக்கடியில் விட்டார் கடைக்காரர். மறுபக்கம் வரும்போது புடைத்த இடம் மட்டும் கறுப்பு. தொட்டால் இளஞ்சூடு. அதை உள்ளே கொண்டுபோய் முத்திரை ஒட்டி வாங்கினேன்.

வீட்டு முன்னால் பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்தார். லியோவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து முத்திரையைப் படித்தார். மேலே மாநிலச் சின்னமான மூன்று சிங்கங்கள், கீழே சின்ன எழுத்தில் மாவட்டத்தின் பெயர்.

"போப்லிங்கன்னுதான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.