ஆர்டிஎக்ஸ் 3080: மெமரி சூடு 106லிருந்து 86க்கு

என்விடியாவின் 10 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்புகளின் உள்சூடு) 106 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே சூடு கடத்தும் பொருட்களை மாற்றிய பிறகு இப்போது 86ஐத் தாண்டுவதில்லை. இரண்டு அளவும் ஏர்கோன் இல்லாத அறையில், 31 டிகிரியில், ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு எடுத்தவை. குளிர்நாட்டுக்காரர்கள் 21 டிகிரி அறையில் எடுத்த எண்ணைக் கோலாலம்பூர் மதியத்தோடு ஒப்பிட வேண்டாம். அறைச் சூட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

இத்தனைக்கும் மெமரி 106இல் இருந்தபோது கோர், அதாவது கார்டின் நடுவிலிருக்கும் முக்கிய சிப், 74தான். இந்தக் கார்டில் விசிறி கோர் சூட்டை வைத்துத்தான் வேகமெடுக்கும். மெமரி வெந்தாலும் அதற்குத் தெரியாது. இதிலிருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி 110ஐ நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே சாகாது. ஆனாலும் நம் ஊர் வெயிலில் 95க்குள் வைத்திருப்பதுதான் சரி. கோருக்கு என்விடியா சொல்லும் உச்சம் 93. 80க்குள் இருந்தால் கவலையே வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கோர், ஹாட்ஸ்பாட் (கோரின் மிகச் சூடான புள்ளி), மெமரி ஜங்ஷன் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கழற்றுவது, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைப்பது எல்லாம் தெரிந்ததே. உயிரை வாங்குவது தெர்மல் பேடின், அதாவது சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் மெத்தையின், தடிமன். வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வெப்பக்கடத்தல் எண்ணையே பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம் பேட் எவ்வளவு அமுங்கும் என்பது. 1.5 மி.மீ. வேண்டிய இடத்தில் 2 மி.மீ. கெட்டி பேட் வைத்தால் மெமரி சிப்புகள் நன்றாகத்தான் ஒட்டும். ஆனால் ஹீட்சிங்க் முழுவதும் தூக்கிக்கொண்டு, கோர் மேல் அரைகுறையாக உட்காரும். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் வித்தியாசம் 10, 15 இருப்பது சாதாரணம். 25ஐத் தாண்டினால் கோர் மேல் தடவிய தெர்மல் பேஸ்டைக் குறை சொல்வதற்கு முன் பேடைச் சந்தேகப்படுங்கள்.

பழைய பேடைத் தூக்கிப்போடாமல் வெர்னியரில் அளந்து பாருங்கள். சிப் அழுத்திய குழியின் தடிமன்தான் உண்மையான இடைவெளி. அமுங்காத ஓரம் காட்டுவது வாங்க வேண்டிய அளவு. ஒரே மாடலிலும் மெமரிக்கு ஒன்று, விஆர்எம்முக்கு (மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி) வேறொன்று இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பட்டியலைவிடக் கையிலிருக்கும் கார்டை நம்புங்கள்.

இந்தத் தடிமன் தலைவலியே வேண்டாமென்றுதான் இம்முறை பேடுக்குப் பதில் தெர்மல் புட்டி, களிமண் மாதிரி உருட்டக்கூடிய சூடு கடத்தி. பத்து மெமரி சிப்புகளுக்கும் இடைவெளியைவிடச் சற்று உயரமாக உருட்டி வைத்து மூடினால், தேவையான அளவுக்கு அதுவே நசுங்கிக்கொள்ளும், கோர் மேல் ஹீட்சிங்க் அழுத்தமும் குறையாது. முதலில் திருகி மூடி, மறுபடி திறந்து ஒவ்வொரு சிப்பிலும் பதிவு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இந்தச் சோதனைக்குக் கோரில் சாதாரண பேஸ்டே போதும். பதிவு சரியான பிறகு அதைத் துடைத்துவிட்டு நல்லதைப் போடுங்கள். அடுத்த முறை புட்டியைச் சுரண்டுவதுதான் பெரிய வேலை.

கோருக்குப் பேஸ்டுக்குப் பதில் பிடிஎம்7950 என்ற சூடு கடத்தும் தாள். சுமார் 45 டிகிரியில் இளகும் பொருள் என்பதால், பேஸ்ட் மாதிரி சூடாகி ஆறி ஓரத்துக்குப் பிதுங்கும் தொல்லை குறைவு. தாளை ஃப்ரிட்ஜில் வைத்தால் பிளாஸ்டிக் சுலபமாக உரியும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு எச்சரிக்கை: வெளியே எடுத்ததும் தாளின் மேல் நீர் கோர்க்கும். காற்றுப் புகாத பையோடு வைத்து, எடுத்தவுடன் உரித்து ஒட்டிவிட வேண்டும். கோரைச் சுற்றியுள்ள நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் சில ஓட்டங்களில் ஹாட்ஸ்பாட் தானாக இறங்கும். முதல் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் பேஸ்டுக்குப் பஞ்சமில்லை. புட்டி, பிடிஎம் தாள் இரண்டுக்கும் ஷாப்பி இணையக்கடையே வசதி. ஆனால் பிடிஎம்மில் போலி நடமாட்டம் உண்டு, வெள்ளி மிச்சமாகிறதே என்று சந்தேகமான கடையில் வாங்காதீர்கள்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் பிசி வைத்திருப்பவர்கள் ஹீட்சிங்க் இடுக்கைத் திறந்து பாருங்கள். சாம்பிராணிப் புகை படிந்த இடத்தில் தூசி பிசினாக ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும்.

அடுத்து அண்டர்வோல்ட், அதாவது கோருக்குப் போகும் வோல்ட்டைக் குறைப்பது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 0.85 வோல்ட்டுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் என்று தொடங்கி, விளையாட்டு முறிந்தால் 15 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொண்டு வருவதாகத் திட்டம். 320 வாட் கார்டில் இதுதான் மலிவான குளிரூட்டல். அதற்கு முன், பிசி கேஸின் பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேஸின் முன் விசிறிகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.