மெட்ரிக் பள்ளி வேலையை விட்டபோது: நோட்டீஸ், மே மாதச் சம்பளம், பி.எஃப். இனிஷியல்

ஈரோடு பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 2017 ஜூனில் சேர்ந்து, 2024 ஏப்ரல் வரை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்ததால் வேலையை விட வேண்டியதாயிற்று. ராஜினாமாக் கடிதம் எழுதுவது ஐந்து நிமிட வேலை. அதில் என்ன தேதி போடுவது என்பதில்தான் காசு இருக்கிறது.

முதலில், சேரும்போது கையெழுத்துப் போட்ட பணி நியமன ஆணையைத் தேடி எடுத்தேன். விலகுவதற்கு மூன்று மாத நோட்டீஸ், இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும். கல்வியாண்டின் நடுவில் விலகக் கூடாது. கோடை விடுமுறை நோட்டீஸ் கணக்கில் சேராது. இந்தக் கடைசி வரிதான் வினை. மார்ச்சில் கடிதம் கொடுத்தால் ஏப்ரலோடு எண்ணிக்கை நின்று, மீதி நாட்கள் ஜூனில் தொடரும். அப்புறம் ஜூனில் வேறு பள்ளியில் எப்படிச் சேர்வது? அதனால் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஏப்ரல் 30 மாலை விடுவிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிரச்சினை வந்தால் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். அந்த வழி நமக்கு இல்லை. 1988இல் சுந்தராம்பாள் வழக்கில், அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்கு ரொம்ப முக்கியம். சேரும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

பிரின்சிபல் கடிதத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும் மிஸ், அப்புறம் பேசிக்கலாம்." நகலில் சீல் கேட்டேன். தாளாளரைக் கேட்க வேண்டும் என்றார். இப்படிப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமே இல்லாத கடிதத்தை, ஏப்ரலில் "எங்களுக்கு வரவே இல்லையே" என்று சொல்லிவிட முடியும். அன்று சாயங்காலமே அதே கடிதத்தைத் தாளாளர் பெயருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன், மெயிலும் போட்டேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்த பிறகு சீல் பேச்சே எழவில்லை.

மே மாதச் சம்பளம் பற்றி அக்கவுண்டன்டிடம் கேட்டேன். "ஏனுங் மிஸ், மே மாசச் சம்பளம்ங்கிறது ஜூன்ல திரும்பி வர்றவங்களுக்குங்க" என்றார். வருடம் பூராவும் உழைத்ததற்கான விடுமுறைச் சம்பளத்தை அடுத்த வருடத்துக்கு அட்வான்ஸ் மாதிரி பேசுவது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. மே 31 என்று தேதி போட்டிருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் புதிய பள்ளியில் மே முதல் வாரமே ரிலீவிங் ஆர்டர் கேட்டார்கள். ஒரு மாதச் சம்பளமா, கையில் ஆர்டரா என்று வந்தபோது ஆர்டரை எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆர்டருக்கு முன்னால், பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவம். நூலகம், தேர்வுப் பிரிவு, மதிப்பெண் பதிவேடு, பிள்ளைக்கான பஸ் கட்டணம் என்று கட்டம் கட்டமாகக் கையெழுத்து. கடைசிக் கட்டம் ஒரிஜினல் சர்டிஃபிகேட். பச்சை பீரோவில் ஆளுக்கொரு பழுப்புக் கவர், மேலே ஸ்கெட்ச் பேனாவில் பெயர். கவரை வாங்கியதும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் அங்கேயே பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. பட்டம் இருந்தது, பி.எட். மார்க் ஷீட் இல்லை. வேறொரு ஆசிரியரின் கவரில் கிடந்தது. சர்டிஃபிகேட் விற்று வாங்குகிற சரக்கு அல்ல, அதை அடமானம்போல நிறுவனம் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தும் இந்த பீரோக்கள் காலியாவதில்லை.

இதைவிடச் சத்தமில்லாமல் மாட்டிவிடுவது பி.எஃப். பள்ளிக் கணக்கில் என் பெயருக்கு அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் பெயர். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் கணக்கை மாற்றவும் முடியாது, பணம் எடுக்கவும் முடியாது. திருத்தத்துக்குப் பழைய நிர்வாகம் ஒப்புதல் தர வேண்டும். வேலையில் இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற காரியம், விலகிய பிறகு யார் செய்து தருவார்? பிப்ரவரியிலேயே முடித்துக்கொண்டேன். 2017 அக்டோபருக்குப் பிறகு யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) வாங்கியவர்கள் பலருக்கு 2025 முதல் தாங்களே திருத்திக்கொள்ள வழி வந்திருக்கிறது. என்னுடையது அதற்கு முந்தியது. விலகிய தேதியைப் பள்ளி பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் பதியலாம். பள்ளி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும் என்பதால் நான் புதிய பள்ளிக்கே மாற்றிவிட்டேன்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டபோது, "அந்த வழக்கம் நம்ம ஸ்கூல்ல இல்லைங்க" என்றார்கள். அது வழக்கமல்ல, சட்டம். ஆசிரியருக்குப் பொருந்தாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். 2009இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டு வந்து, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்தும் என்றது. அதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் போட்ட வழக்கிலும் 2022 ஆகஸ்டில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. ஐந்து வருடம் முடித்திருந்தால் போதும். அப்போதிருந்த 1972ஆம் வருடச் சட்டப்படி, கடைசிச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலிருந்தால் முழு வருடம். ஆக எனக்கு ஏழு. என் கைக்கு வந்தது 24,000. அந்தக் கணக்கில் 96,923 ரூபாய் வரும். ஆனால் அந்தச் சட்டம் பார்த்தது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான். ரசீதில் அடிப்படை என்று 15,000 மட்டும் காட்டி, மீதியை அலவன்ஸ் ஆக்கியிருந்தார்கள். அதனால் 60,577. சம்பள ரசீதை மாதாமாதம் பார்க்காமல் கோப்பில் போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

விண்ணப்பத்தையும் பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் தராவிட்டால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போவேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். தாமதமாக, ஆகஸ்டில், வங்கிக்கு வந்தது.

திருச்சிப் பள்ளியில் ஆணையை நீட்டியபோது உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ஒரிஜினலைக் காட்டிவிட்டு நகல்தான் தருவேன் என்றதற்குச் சம்மதித்தார்கள். மே மாதச் சம்பளத்தைக் கேட்டதும் மேலாளர் சிரித்தார். "அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம் மேடம்." இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள் சார் என்றேன். பேனாவால் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்.