வெள்ளக் கணக்கு

டிசம்பர் 5, 2023, செவ்வாய்

மழை நேற்று ராத்திரியே விட்டுவிட்டது. தண்ணீர்தான் விடவில்லை. வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு நிற்கிறது. மிக்ஜாம் புயல் இன்று பாபட்லா பக்கம் கரை கடந்துவிட்டதாம், கீழ்வீட்டு ரேடியோ சொன்னது. கரண்ட் இல்லை, டவர் இல்லை.

டிசம்பர் 6, புதன்

அண்ணாச்சி கடையைத் திறந்துவிட்டார். கீழ்த்தட்டு அரிசி மூட்டைகள் ஊறிப் போயின. பருப்பையும் சர்க்கரையையும் முன்கூட்டியே பரணில் ஏற்றியிருக்கிறார். காசு வந்தால் கத்தும் பெட்டி ஊமையாகக் கிடந்தது. என் கையில் நாற்பது ரூபாய்.

"காசு கெடக்கட்டும்மா, எழுதிக்கிடுதேன்" என்று நீல நோட்டை எடுத்தார். பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி, எல்லாம் அச்சடித்த விலைக்கே. பின்தெருவில் அரை லிட்டர் பால் ஐம்பதுக்குப் போகிறது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த வருஷம் முழுக்க இவர் கடையில் நான் வாங்கியது கொத்தமல்லிக் கட்டும் சில்லறையும்தான். மற்றதெல்லாம் ஆப்பில்.

டிசம்பர் 8, வெள்ளி

டவர் வந்ததும் மாமியாரின் பிரஷர் மாத்திரைக்கு ஆர்டர் போட்டேன். முழங்கால் தண்ணீர் என்று யோசிக்கவேயில்லை. வழக்கமாக டெலிவரிக்கு வரும் தம்பிதான் வந்தான். தெருமுனையில் வண்டியை விட்டு, பையைத் தலையில் வைத்து நடந்து வந்திருக்கிறான். அதுவும் இரவல் ஸ்கூட்டர். தரமணியில் அறைக்கு வெளியே நின்ற அவன் பைக் திங்கட்கிழமையே மூழ்கிவிட்டது.

"தெரியாம செல்ஃப் அடிச்சிட்டேன்கா. ஆயில் பால் காபி மாதிரி ஆயிடுச்சு." மெக்கானிக் 2,800 கேட்கிறாராம். நாலு நாளாக டெலிவரி ஆப்பில் ஐடி போட்டு வேலைக்கு இறங்கவில்லை, அதனால் இந்த வார இன்சென்டிவும் போச்சு.

உட்காரச் சொன்னேன். பேன்ட் ஈரம் என்று படியில் நின்றபடியே டீ குடித்தான்.

டிசம்பர் 10, ஞாயிறு

அபார்ட்மென்ட் கூட்டம். இந்த மாத மளிகை முழுக்க அண்ணாச்சியிடம், பணம் முன்கூட்டியே என்று முடிவு. "ஆப்பில் எண்ணெய் இருபது ரூபாய் கம்மி" என்றார் மூணாம் மாடி சார். புதன்கிழமை அந்த ஆப் எங்கே போயிருந்தது என்று அவர் மனைவியே கேட்டுவிட்டார்! பைக் ரிப்பேருக்கும் கொஞ்சம் சேர்த்தோம்.

டிசம்பர் 17, ஞாயிறு

6,000 ரூபாய் நிவாரணத்தை முதல்வர் இன்று எங்கள் வேளச்சேரியில்தான் தொடங்கி வைத்தார். தம்பியின் ரேஷன் கார்டு விழுப்புரத்தில். எங்கள் மாடியில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினான்.

பாக்கியைத் தீர்க்கப் போனேன். நோட்டில் என் பக்கம் ஈரத்தில் கரைந்திருந்தது. "நீங்க சொல்லுததுதாம்மா கணக்கு" என்றார். 1,340 என்றேன். ஆனால் அவர் கவனம் போனில். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அங்கே விடாமல் கொட்டுகிறதாம்.

டிசம்பர் 19, செவ்வாய்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நடுவழியில் நின்றுபோனது. அண்ணாச்சி ஞாயிறு ராத்திரியிலிருந்து ஊருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

தெற்கே போகும் ஒரு லாரியில் ஏற்ற அவர் கடையிலேயே வாங்கினோம். அதே பால் பவுடர், அதே மெழுகுவத்தி. சரிசெய்த பைக்கில் தம்பி மூன்று நடை அடித்து மெயின் ரோட்டில் சேர்த்தான். அண்ணாச்சி பணமே வேண்டாம் என்றார். கையில் திணித்தேன். எண்ணாமல் கல்லாவில் போட்டுவிட்டு மறுபடி போனை எடுத்தார். இன்னும் லைன் கிடைக்கவில்லை.