நாலு பக்கப் பத்திரிகை: இரண்டாமாண்டு நாட்குறிப்பு

ஜூலை 4, 2025, வெள்ளி

கல்லூரிப் பத்திரிகையில் பெயர் கொடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை வரும் நாலு பக்கம். வேதியியல் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று வகுப்பில் கேட்டார்கள். லேபில் கண்ணால் பார்த்ததை மட்டும் ரெக்கார்டில் எழுது என்றுதானே எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்? செய்தி எழுத அதைவிட நல்ல பழக்கம் ஏது!

முதல் வேலையாக நூலக நேர மாற்றத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாமாண்டு அக்கா, "நமது பெருமைமிகு கல்லூரியின்" என்பதைப் பென்சிலால் அடித்தார். "மாணவர் நலனைக் கருத்தில் கொண்டு" என்பதும் போனது. மிஞ்சியது இவ்வளவுதான்: "ஜூலை 7 முதல் நூலகம் மாலை 6.30 மணி வரை திறந்திருக்கும்." படிக்கிறவருக்கு வேண்டியது மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. எத்தனை பக்கம் எழுதினோம் என்று பார்த்து மார்க் வாங்கி வளர்ந்த எங்களுக்கு அந்தப் பென்சில் பெரிய வரம்.

ஜூலை 16, புதன்

விடுதி மெஸ் மாஸ்டரிடம் பேட்டி. விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். ஒரு வருஷமாக அவர் கையால் சாப்பிடுகிறோம். அவருக்கு எந்த ஊர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "எம் பேரை இனிஷியலோட போடுவியளா தம்பி?" என்று கேட்டார். எழுதிக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டேன். ஒரு மனிதரின் பெயர் அச்சில் வருவது சின்ன விஷயமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்த மாத இதழில் எங்கள் செய்தி முதல் பக்கத்துக்கு வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் நேராக வங்கிக் கணக்கில் விழ வேண்டும். எங்கள் துறையில் சிலருக்கு விழவில்லை.

கேன்டீனில் ஆளுக்கொரு காரணம். "நிறுத்திட்டாங்களாம்", "லிஸ்ட்ல நம்ம பேரே இல்லையாம்". இதையெல்லாம் குறித்துக்கொண்டு போய் அக்காவிடம் நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "யாரு சொன்னா? 'ஆம்'னு முடியுறது எதுவும் செய்தி இல்லலா."

அலுவலகத்தில் விசாரித்தோம், பிறகு மாணவர்களோடு வங்கிக்கே போனோம். ஒருவன் கல்லூரியில் கொடுத்தது ஒரு வங்கிக் கணக்கு. ஆதாரைக் கடைசியாக இணைத்தது வேறொரு வங்கியில். ஆதார் வழியாக வரும் பணம் அந்தக் கடைசிக் கணக்கைத்தான் தேடிப் போகும். அவன் மறந்தே போன பாஸ்புக்கில் மாதாமாதம் ஏறியிருந்தது! இன்னொருத்திக்கு ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து. எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம் என்பதைக் கட்டம் கட்டிப் போட்டோம். இன்று காலை அந்தக் கட்டத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். நான் எழுதியது ஒருவருக்குப் பயன்பட்டதை நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஓர் அரசு அலுவலகத்தில் வாயால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அக்கா தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதக் கற்றுக்கொடுத்தார். 2005ஆம் வருடத்துச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காமல், "இந்தத் தேதியிட்ட உத்தரவின் நகல் தருக" என்று கேட்க வேண்டுமாம். குடிமகன் என்ற சொல்லைப் பள்ளியிலேயே படித்தேன். அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

செப்டம்பர் 20, சனி

"இதெல்லாம் வேலைக்கு உதவுமாடே?" என்றார் அப்பா. உதவும்: இதழியல் படிப்புக்கு விண்ணப்பித்தால் அச்சில் வந்த கட்டுரைகளைக் காட்டலாம். ஆனால் அதற்காக மட்டும் சேர்கிறவர்கள் இரண்டு இதழ் தாண்டுவதில்லை, கண்ணெதிரே பார்க்கிறேன்.

அப்பாவுக்கு இன்றைய தேதியின் கதையைச் சொன்னேன். முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்ல இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்டக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்தார்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று அப்படிப் பிறந்ததுதான் 'தி இந்து'. அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது 23 வயது. நாலு வருஷத்தில் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904இல் பாரதி வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை அது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த இதழ் வந்தா கடைக்கு ரெண்டு கொண்டா" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

முதலாமாண்டு மாணவர்களுக்கு: அடுத்த இதழுக்கான கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, தமிழ்த் துறையில். எந்தத் துறையாக இருந்தாலும் வரலாம். கவிதை ஏற்கெனவே நிறைய வந்து குவிந்திருக்கிறது. செய்தி சேகரிக்கத்தான் ஆள் இல்லை. ஒரு நோட்டும், பதில் தெரியாத ஒரு கேள்வியும் கொண்டு வாருங்கள்.