டூலுக்கு ஒரு விளக்கம்

"ஆர்டர்களைத் தேடும்." எங்கள் ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தும் டூலுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்ய அது அழைக்கும் சிறு நிரலுக்கு, நான் எழுதியிருந்த விளக்கம் இவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒருவர் 03/04 அன்று போட்ட ஆர்டரைக் கேட்டார். ஏஜென்ட் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஆர்டரே இல்லை என்று சொல்லிவிட்டது. பாவம், அவர் பதறிப்போனார்.

டூலுக்குள் இருக்கும் நிரல் வரிகள் ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலுக்குத் தெரியாது. பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை), இவற்றைத்தான் அது படிக்கிறது. ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் வந்த பொது நெறிமுறையான எம்சிபியிலும் இதே கதைதான்.

உட்கார்ந்து டூலின் விளக்கத்தைத் திருத்தி இப்படி எழுதினேன். எங்கள் வாடிக்கையாளர்கள் எழுதும் 03/04 என்பது ஏப்ரல் 3. டூலுக்கு அனுப்பும்போது 2025-04-03 என்று அனுப்ப வேண்டும். ஆர்டர் எண் தெரிந்தால் இது வேண்டாம், அதற்கு வேறு டூல் இருக்கிறது. காலிப் பட்டியல் வந்தால் அது பிழை அல்ல, அந்தத் தேதியில் ஆர்டர் இல்லை என்றுதான் பொருள்.

அப்புறம், வெறும் 'சர்ச்' என்றிருந்த பெயரை 'சர்ச் ஆர்டர்ஸ் பை டேட்' ஆக்கினேன். நிரலில் ஒரு வரிகூடத் தொடவில்லை. அதே கேள்வியை மறுபடி கேட்டேன், சரியான ஆர்டர் வந்து நின்றது.