நியூ ஜெர்சிக்காரி, டெக்ஸாஸ்காரர்

2024 பிப்ரவரி 10, சனி

வருஷச் சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டும் டபிள்யூ-2 படிவம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தன்னுடையதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். என்னுடையதில் நியூ ஜெர்சி வரிப் பிடித்தம். அவருடையதில் மாநிலக் கட்டமே காலி. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாதே. "வரிக் கணக்கை எப்பவும் போல ஜாயின்ட்டாவே போட்டுடலாம்" என்றார். டாலஸ் போய்ப் பதினைந்து மாதம். இதில் எது எப்பவும் போல?

பிப்ரவரி 17

ஓக் ட்ரீ ரோட்டில் ஆடிட்டரைப் பார்த்தேன். சம்பளத்தை அவர் அப்புறம்தான் கேட்டார். முதல் கேள்வி: "உங்க வீட்டுக்காரர் திரும்பி வர்ற உத்தேசம் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிக்கு அதுதான் முக்கியமாம். வீடு எத்தனை இருந்தாலும் நிரந்தர வாசஸ்தலம் ஒன்றுதான். வேலைக்காக அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கினால் மட்டும் அது மாறாது. என்றாவது இங்கே எடிசன் வீட்டுக்குத்தான் திரும்புவார் என்றால் அவர் இன்னும் நியூ ஜெர்சிக்காரர், டெக்ஸாஸ் சம்பளத்துக்கும் இங்கே வரி. தப்ப வேண்டுமானால் மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும்: இங்கே நிரந்தர வீடு இல்லை, வெளியே இருக்கிறது, வருஷத்தில் 30 நாளுக்கு மேல் இங்கே இருக்கவில்லை. 183 நாளுக்கு மேல் தங்கினால் வரி என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, வேறு மாநிலத்தை ஊராகக் கொண்டு இங்கேயும் வீடு வைத்திருப்பவர்களுக்கு.

லைசென்ஸ், கார் பதிவு, ஓட்டு, சாமான்கள் எங்கே என்று பார்ப்பார்களாம். கராஜில் அவர் சைக்கிள் நிற்கிறது. சொல்லவில்லை.

பிப்ரவரி 18

போன வருஷம் அவர் இங்கே இருந்த நாட்களைக் காலண்டரை வைத்து எண்ணினேன். பொங்கல், பையன் பிறந்தநாள், கோடை விடுமுறை, தீபாவளி. வந்தால் தம்பி வீட்டில்தான் தங்குவார். ஆனாலும் 41 நாள்.

மார்ச் 2

"டெக்ஸாஸ் லைசென்ஸ் எடுத்துட்டீங்களா? ஆடிட்டர் கேக்கறார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அனுப்பறேன்."

மார்ச் 3

படம் வந்தது. கொடுத்த தேதி 2022 டிசம்பர் 19. குடிவருபவர்கள் 90 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இவர் ஆறு வாரத்தில் எடுத்திருக்கிறார். கார் பதிவும் வாக்காளர் பதிவும் அதே மாதம்.

அடுத்த மாதம் பொங்கலுக்கு வந்து, "ப்ராஜெக்ட் முடியட்டும், வந்துடறேன்" என்று இதே சோஃபாவில் உட்கார்ந்து சொன்னார்.

மார்ச் 9

ஆடிட்டருக்கு ஒரே சந்தோஷம். நிரந்தர வாசஸ்தலமே மாறிவிட்டதால் அந்த 30 நாள் கணக்கு தேவையில்லை, 2023 முழுக்க அவர் டெக்ஸாஸ்காரர் என்று தைரியமாகச் சொல்லலாமாம். ஃபெடரலில், அதாவது மத்திய அரசு வரியில், ஜாயின்ட் போட்டாலும் நியூ ஜெர்சிக்கு நான் மட்டும் தனியாகப் போடலாம். இங்கேயும் ஜாயின்ட் என்றால் அவர் சம்பளமும் உள்ளே வந்துவிடும்.

ஃபெடரலிலும் தனியாகப் போட்டால்? விவாகரத்து ஆகாவிட்டாலும், கடைசி ஆறு மாதம் அவர் இந்த வீட்டில் வசிக்கவில்லை, பையன் என்னிடம், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் என்னுடையது. அதனால் 'குடும்பத் தலைவர்' என்ற பிரிவில் போடலாம்: வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான கழிவு 13,850 டாலர் அல்ல, 20,800. ஜாயின்ட் என்றால் இருவருக்கும் சேர்த்து 27,700தான், ஆனால் கையெழுத்துப் போட்டால் அவர் கணக்கில் வரும் பிழைக்கும் நான் பொறுப்பு.

ஒரு வேடிக்கை. டெக்ஸாஸில் தம்பதியின் சம்பாத்தியம் இருவருக்கும் பொதுவான சொத்து. தனித்தனியாகப் போட்டால் அவர் சம்பளத்தில் பாதி என் கணக்கில் வருமோ என்று பார்த்தோம். வருஷம் முழுக்கப் பிரிந்திருந்தோம், பையனின் பராமரிப்புப் பணம் தவிர கைமாறியது எதுவும் இல்லை. அதனால் அவரவர் சம்பளம் அவரவர் கணக்கில்.

மார்ச் 16

ஜாயின்ட் வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பினேன். சரி என்றார். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று: "கராஜ்ல இருக்கற சைக்கிளை யாருக்காவது குடுத்துடு."