நாலு காட்சி வேடம்: மும்பை நாட்குறிப்பு

ஜூலை 2

மழை பிடித்துக்கொண்டால் மும்பையில் வெளிப்புறப் படப்பிடிப்பு படுத்துவிடும். ஆடிஷன் படுக்காது. அந்தேரி மேற்கில், வெர்சோவா பக்கம் இருக்கும் ஆராம் நகரில் தாழ்வான பழைய வீடுகளெல்லாம் காஸ்டிங், அதாவது நடிகர் தேர்வு அலுவலகங்கள். குடை சொட்டச் சொட்ட வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். இந்திப் படத்தில் வரும் மாமா, காவல் நிலைய எழுத்தர், வீட்டுக்காரர், நீதிபதி என்று பலரும் இந்தச் சந்துகள் வழியாகத்தான் திரைக்குப் போகிறார்கள்.

நாலு காட்சி வேடத்தை எழுதுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் ஒருவர். அது படத்தில் மிஞ்சுமா என்று தீர்ப்பது எடிட்டிங் மேஜை. ‘சலாம் பாம்பே’ (1988) படத்தில் இர்ஃபான் கானுக்குக் கடைசியில் மிஞ்சியது தெருவில் கடிதம் எழுதிக் கொடுப்பவரின் சின்ன வேடம். ‘ஷோலே’யில் (1975) பாறை மேல் உட்கார்ந்திருக்கும் சாம்பாவை (நடித்தவர் மேக் மோகன்) ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது மூன்றே சொல்லுக்காக. ஆனால் அந்த மூன்று சொல்லை வெட்ட முடியாது. தன் தலைக்கு அரசு வைத்த விலை என்ன என்று கொள்ளைக்காரன் கப்பர் சிங் அவனிடம்தான் கேட்கிறான். பதில் வராவிட்டால் காட்சி அந்தரத்தில் நிற்கும். வெட்டு விழாத இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் சின்ன வேடக்காரரின் பாதி வேலை. கூடுதலாக எதையாவது செய்து காட்டி அந்த இடத்தைப் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் முதலில் வெட்டுப்படுகிறார்கள்.

ஜூலை 5

ஆடிஷனுக்கு முழுத் திரைக்கதை கைக்கு வராது. இரண்டு பக்கம் வரும். கதை வெளியே போகக் கூடாது என்று பாத்திரத்தின் பெயரைக்கூட மாற்றியிருப்பார்கள். வசனத்தை முதலில் எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், ஒரே சுரத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லும் அளவுக்கு உருப்போட வேண்டும். ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்தால் அந்த ராகம் ஒட்டிக்கொள்ளும். “இதையே சிரித்துக்கொண்டு சொல்லுங்கள்” என்று கேட்டால் வாய் பழைய ராகத்துக்கே ஓடும்.

பிறகு காகிதத்தில் இல்லாததை எழுதிக்கொள்வது. இந்த ஆள் எங்கிருந்து வருகிறான், மாடிப்படி ஏறி வந்தானா, எதிரில் இருப்பவனிடம் அவனுக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது அது கிடைத்ததா.

வேடம் உறுதியானதும் காட்சி எண் வாரியாக ஒரு பட்டியல் போட வேண்டும். உதாரணமாக காவல் நிலைய எழுத்தர் வேடத்துக்கு 12, 47, 48, 81 என்று நாலு காட்சி. இடம் கிடைக்கிற வரிசையில்தான் படப்பிடிப்பு நடக்கும் என்பதால், முதல் நாளே 81 வரலாம். லஞ்ச விஷயம் எழுத்தருக்கு 47இல்தான் தெரியவருகிறது என்றால் 12இல் அவர் அதிகாரியைப் பார்க்கும் பார்வை வேறு, 81இல் வேறு. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பொழுது, உடை, என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாலு கட்டம் போதும். காட்சிக்குக் காட்சி உடை, பொருள் மாறாமல் பார்த்துக்கொள்ள உதவி இயக்குநரிடம் கன்டினியூட்டி தாள் இருக்கும்தான். அதில் சட்டையின் நிறம் இருக்கும், மனசில் இருப்பது இருக்காது.

ஜூலை 9

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் வீட்டிலிருந்து அனுப்பும் செல்ஃப் டேப். கைபேசியைப் படுக்கை வாட்டில், கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பின்னால் வெற்றுச் சுவர். ஜன்னல் முன்னால் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கரியாகிவிடும். மார்பு வரை தெரிந்தால் போதும். முதலில் பெயர், வயது, உயரம், ஊர், இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பிக் காட்டுவது. இந்தப் பகுதியிலேயே நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் பலர். இங்கே சாதாரணமாகப் பேசுகிற ஆள்தான் தேர்வு செய்பவருக்கு வேண்டும்.

எதிர் வசனம் படிப்பவர் கைபேசிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவர் குரல் உங்கள் குரலை விழுங்கிவிடும். அவர் முணுமுணுக்கிற அளவில் படிக்கட்டும், லென்ஸை உரசினாற்போல ஒரு பக்கமாக நிற்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அவரை, லென்ஸை அல்ல. மின்விசிறியை நிறுத்துங்கள். போலீஸ் வேடம் என்றால் காக்கிச் சட்டை தேவையில்லை. காலர் வைத்த வெளிர் நிறச் சட்டை போதும். இரண்டு டேக் அனுப்புவதாக இருந்தால் இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றில் கெஞ்சினால் மற்றதில் மிரட்டுங்கள், சொல் மாறாமல்.

ஜூலை 10

“நாட் ஃபிட்.” ஆடிஷன் வாசலில் அதிகம் காதில் விழும் சொல். உயரம், நிறம், நாயகனின் அப்பாவாகத் தெரிவாரா, மூக்கு பொருந்துமா என்பதற்கான தீர்ப்பு அது. நடிப்பைப் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார்கள். காரணம் கேட்டு நிற்பதில் பயனில்லை.

ஜூலை 17

தேநீர்க் கணக்கு. ஒரு பக்கக் காட்சி: முதலில் மாஸ்டர் (முழுக் காட்சியும் ஒரே கோணத்தில்), பிறகு இரண்டு பக்கமும் சஜெஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகம்), கடைசியில் க்ளோஸ்-அப்கள். ஐந்து கோணம், கோணத்துக்கு நாலு டேக் என்றால் அதே காட்சி 20 தடவை நடக்கும். ஒத்திகையில் உற்சாகத்தில் மூன்று வாய் குடித்துவிட்டால் 60 வாய் குடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் அதே சொல்லில், அதே கையில். எட்டாவது டேக்கில் கை மறந்துவிடும். மாஸ்டரில் க்ளாஸ் வாயருகே, க்ளோஸில் மேஜை மேல் என்றால் எடிட்டருக்கு இரண்டையும் ஒட்ட வழி கிடையாது. ஒட்டாத இடத்தில் அவர் நாயகனின் முகத்துக்குப் போய்விடுவார். உங்கள் நல்ல டேக் அங்கேயே செத்தது.

அதனால் ஒரே ஒரு முறை குடிப்பது, அதையும் வசனம் முடிந்த பிறகு செய்வது. எந்தச் சொல் முடிந்ததும் கை எழும் என்று காகிதத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். ‘லகான்’ (2001) காலத்துக்குப் பிறகு சிங்க் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவது, பரவிவிட்டதால் க்ளாஸை ‘ணங்’கென்று வைப்பதும் சிக்கல்தான். வசனத்தின் மேல் அந்தச் சத்தம் விழுந்தால் பிரிக்க முடியாது. அடியில் துணி ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம், தருவார்கள். சாப்பாட்டுக் காட்சி இன்னும் மோசம். சின்னக் கவளம், மெல்லுவது அதிகம், விழுங்குவது குறைவு, கட் சொன்னதும் துப்ப ஒரு வாளி.

பெரும்பாலும் நட்சத்திரத்தின் க்ளோஸ்-அப்பை முதலில் எடுப்பார்கள். உங்களுடையது வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். எதிரே அவர் இருக்கவும் மாட்டார், உதவி இயக்குநர் ஒருவர் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி எதிர் வசனத்தைப் படித்து க்யூ கொடுப்பார். பார்வைக்குக் கேமரா ஓரமாக ஒரு டேப் துண்டு. அதற்கான தயாரிப்பு காலையிலேயே நடந்திருக்க வேண்டும். நட்சத்திரத்தின் க்ளோஸுக்கு நீங்கள் வெளியே நின்று க்யூ கொடுக்கும்போது அவர் எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார், எப்போது கண்ணைத் தாழ்த்துகிறார் என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அந்த டேப் துண்டோடு பேச அது உதவும்.

ஜூலை 18

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. எடிட்டருக்குச் சின்ன வேடக்காரரிடமிருந்து அதிகம் தேவைப்படுவது பேச்சல்ல, கேட்கும் முகம். ‘ஜாலி எல்எல்பி’யில் (2013) சௌரப் சுக்லாவின் நீதிபதியைக் கவனித்துப் பாருங்கள். வக்கீல்கள் வாதாடும்போது இவர் முகத்தைப் பார்த்துத்தான் வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நமக்குத் தெரிகிறது. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அந்த வேடத்துக்கு வந்தது.

கேட்பதிலும் தொழில்நுட்பம் உண்டு. எதிராளி பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் எந்த இடத்திலும் வெட்ட முடியாது. முகம் அசையாமல் இருந்து, அவர் சொல்வதில் ஏதாவது ஒரே ஒரு சொல்லில் மாற வேண்டும். அந்தச் சொல்லை முன்கூட்டியே தேர்ந்து வைத்தாலும், கேட்டது காதில் விழுந்து உள்ளே போக அரை வினாடி விட வேண்டும். சொல் முடிவதற்குள் முகம் மாறினால் திரைக்கதையை முன்பே படித்தவர் என்பது தெரிந்துவிடும். க்ளோஸில் எதிராளியின் வசனத்தின் மேல் உங்கள் வசனம் ஏறக் கூடாது. காட்சி சண்டையாகவே இருந்தாலும் அந்தக் குறுக்கீட்டை எடிட்டர் பிறகு செய்துகொள்வார். உங்கள் கடைசி வரிக்குப் பிறகு, கட் காதில் விழும்வரை பாத்திரத்திலேயே இருங்கள். அந்த இரண்டு மூன்று வினாடிதான் பல படங்களில் காட்சியின் கடைசி ஷாட்.

ஜூலை 26

வயதைக் கூட்டுவது. ‘சாராம்ஷ்’ (1984) படத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியராக நடித்தபோது அனுபம் கேருக்கு 28 வயது. கூன் போடுவதும் குரலை நடுங்க விடுவதும் மேடை நாடகத்துக்குக் கடைசி வரிசை வரை எட்டும், க்ளோஸில் பல்லிளிக்கும். வயது தெரிவது வேலைகளின் வரிசையில். உட்காரும் முன் கை நாற்காலியைத் தேடிப் போகும், பிறகுதான் உடம்பு இறங்கும். காகிதத்தைக் கையில் வாங்கியதும் கண்ணிலிருந்து தள்ளிப் பிடிப்பது. யாராவது கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்பாது, தோளும் சேர்ந்து திரும்பும். எழுந்ததும் நடக்காமல் ஒரு கணம் நிற்பது. இதில் இரண்டைத் தேர்ந்தால் போதும். எல்லாவற்றையும் செய்தால் பள்ளி ஆண்டு விழா.

பார்வையற்றவர் வேடத்துக்கு ‘ஷோலே’யின் ஏ.கே. ஹங்கல் நல்ல பாடம். கூட்டம் பேச்சற்று நிற்கும்போது அந்த இமாம் அமைதியைக் காதால் தடவிப் பார்க்கிறார். முகம் பேசுகிறவரை நோக்கித் திரும்புவதில்லை, காது திரும்புகிறது. ஹங்கல் தையல் வேலை பார்த்துக்கொண்டு இப்டா (இந்திய மக்கள் நாடக சங்கம்) நாடகங்களில் நடித்தவர், சினிமாவுக்கு வந்தது ஐம்பதையொட்டிய வயதில்.

ஆகஸ்ட் 3

இந்தி என்று ஒரே மொழி கிடையாது. பீகார் எழுத்தர், ஹரியானா போலீஸ், லக்னோ பெரியவர், மும்பை தாதா, ஒவ்வொருவருக்கும் வாய் வேறு. வட்டார வழக்கை முழுசாகக் கொட்டினால் மற்ற ஊரில் புரியாது. வாக்கியத்தின் இழுப்பையும் நாலைந்து சொல்லையும் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உருதுச் சொற்களில் ‘ஸ’ போல அதிர்ந்து வரும் ஒலியை ‘ஜ’ என்று சொன்னால் பாத்திரத்தின் படிப்பும் ஊரும் மாறிவிடும். சில வேடங்களுக்கு அந்தத் தவறே தேவை.

தமிழ் வாய்க்கு முதல் தடை மூச்சொலிகள். ‘க’வுக்கும் அழுத்திச் சொல்லும் ‘க்ஹ’வுக்கும் வேறுபாடு வர, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று படுகிறதா என்று பார்த்துப் பழகலாம். அடுத்தது உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் பார்ப்பது. மனப்பாட வசனத்தில் தப்பித்து, சொந்தமாகப் பேசும் இடத்தில் மாட்டிக்கொள்வோம். ‘படோசன்’ (1968) படத்தில் மெஹ்மூத் செய்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியாரின் நிழல் இன்னும் முழுசாகக் கலையவில்லை என்பதால், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவரின் தவறுக்கு அரங்கம் தப்பான இடத்தில் சிரிக்கும்.

ஆகஸ்ட் 11

ஜக்தீஷ் ராஜ் 144 படங்களில் போலீஸ் அதிகாரியாக வந்து கின்னஸில் இடம்பிடித்தார். ஒரே மாதிரி வேடத்துக்குத்தான் என்று முத்திரை விழுவதைச் சாபமாகவே பேசுகிறார்கள். முதல் சில ஆண்டுகளுக்கு அதுதான் அடுப்பு எரிய வைக்கிறது. லலிதா பவார் 1942இல் படப்பிடிப்பில் வாங்கிய அறையில் முகம் பாதிக்கப்பட்டு, இடது கண் சிறுத்து, நாயகி வாய்ப்பை இழந்தார். கொடுமைக்கார மாமியாராக அந்தக் கண்ணாலேயே பல பத்தாண்டுகள் திரையை ஆண்டார்.

நவாசுத்தீன் சித்திக்கி ‘சர்ஃபரோஷ்’ (1999) விசாரணைக் காட்சியில் வந்ததற்கும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘கேங்ஸ் ஆஃப் வாசேபூர்’ (2012) வந்ததற்கும் இடையே 13 ஆண்டு. இந்த இடைவெளியைக் கடக்க ஆட்கள் செய்வது டப்பிங், விளம்பரம், நாடகம், தொலைக்காட்சியின் குற்றக் கதை எபிசோடிக்குகள் (ஒரு பகுதியிலேயே கதை முடியும் தொடர்கள்). எபிசோடிக்கில் கேமரா பயம் போகும், நாள் கூலி கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கண்ணை உருட்டும் பழக்கமும் கூடவே வரும். தொடர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் செய்தால் கழற்றுவது கஷ்டம். ஜூஹுவில் 1978 முதல் இயங்கும் பிருத்வி தியேட்டர் மாதிரி சின்ன அரங்கில் நாடகம் போடுவது அதற்கு மாற்று மருந்து, பணம்தான் வராது.

ஆகஸ்ட் 20

பணம். ஒரு நாளுக்கா, மொத்த வேடத்துக்கா என்பதை முதலில் கேளுங்கள். மொத்தம் என்றால் எத்தனை நாள் என்று எழுத்தில் வர வேண்டும். ‘இன்னும் ஒரு நாள்’ என்பது நாலு நாளாகும். ஷிப்ட் 12 மணி நேரமா, வண்டி யார் செலவு, டப்பிங் அதில் அடக்கமா என்பதும் அப்படியே. பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வருமான வரி, பிடிப்பார்கள். தொலைக்காட்சியில் பணம் வர 90 நாள் வழக்கம்.

சண்டை அதிகம் வருவது மீசையால். ஒரே மாதத்தில் மூன்று படம் செய்கிறவருக்கு ஒன்றில் தாடி, ஒன்றில் மீசை, ஒன்றில் மழுங்கச் சிரைத்த முகம். தேதி கொடுக்கும்போதே மயிர்க் கன்டினியூட்டியையும் பேசிவிட வேண்டும். ஒட்டு மீசை தூரத்தில் ஏமாற்றும். வியர்த்தால் உதட்டு ஓரம் தூக்கிக்கொள்ளும், க்ளோஸில் மயிர் கோத்த வலைத்துணி தெரியும். மும்பை ஈரத்தில் அரை நாள் தாங்கினால் அதிகம்.

ஆகஸ்ட் 29

டப்பிங். சிங்க் சவுண்ட் படத்திலும் மழை, ஜெனரேட்டர், விமானம் விழுந்த வரிகளை மறுபடி பேச வேண்டிவரும், சில மாதம் கழித்து. உதடு மூடும் எழுத்துகளை, ப, ம இரண்டையும் முதலில் பிடியுங்கள். அவை உட்கார்ந்தால் நடுவில் உள்ளவை கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. நின்றபடி நடித்த காட்சிக்கு நின்றே பேசுங்கள். ஓடி வந்து பேசியதானால் மைக்குக்கு முன்னால் நாலு தடவை குனிந்து நிமிர்ந்துவிட்டுத் தொடங்குங்கள். திரையில் முதுகு காட்டி நிற்கும் இடம் வந்தால் அங்கே இயக்குநர் புது வரி ஒன்றைச் சேர்க்கக் கேட்பார். உதடு தெரியாததால் எதையும் ஏற்றலாம். அந்த இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு போனால், வெட்டுப்பட்ட காட்சியில் போன ஒரு தகவலையாவது உங்கள் குரலில் உள்ளே கொண்டுவந்துவிடலாம்.